ஸ்டாலின்: குடும்பப் பெயரா, கூப்பிடுற பெயரா?

ரஷ்யாவில் குடும்பப் பெயரா இருந்தது, நம்ம ஊர்ல கூப்பிடுற பெயரா மாறின கதைதான் இன்னைக்கு. எங்க மங்கலம்பேட்டை கடைத்தெருவில் நின்னு ‘ஸ்டாலின்’னோ ‘லெனின்’னோ கூப்பிட்டுப் பாருங்க, யாராவது திரும்பிப் பார்ப்பாங்க.

ஆனா, அந்த சோவியத் தலைவருக்கே ஸ்டாலின் பிறவிப் பெயர் இல்லை. அவர் ஜார்ஜியாக்காரர், குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. தலைமறைவுக் காலத்துப் புனைபெயர்தான் ஸ்டாலின். ரஷ்ய மொழியில் ‘ஸ்டால்’னா எஃகு. மகள் ஸ்வெட்லானாவுக்கு அது ‘ஸ்டாலினா’ன்னு வந்துச்சு. அப்பா இறந்து நாலு வருஷத்துல, 1957ல, அவங்க அதைக் கழற்றி வச்சுட்டு அம்மாவோட குடும்பப் பெயரான அல்லிலுயேவாவை எடுத்துக்கிட்டாங்க.

இங்க கதை தலைகீழ். 1953 மார்ச் 1 அன்னைக்குக் கருணாநிதிக்கு மகன் பிறக்கிறார். மார்ச் 5ல ஸ்டாலின் இறக்கிறார். இரங்கல் கூட்டத்துல மகனுக்கு அந்தப் பெயரை அறிவிச்சுட்டார் அப்பா. மகளே வேண்டாம்னு விட்ட பெயர், இங்க மு.க. ஸ்டாலின் ஆச்சு.

இது இங்க சுலபமா நடந்ததுக்குக் காரணம் இருக்கு. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் வேண்டாம்னு தீர்மானம் போட்டுச்சு. பட்டம் போச்சு, இனிஷியல் நின்னுச்சு. பெயரைப் பார்த்து சாதியைச் சொல்ல முடியாத நிலைமை வந்துச்சு. எந்த நாட்டுப் பெயரையும் பிள்ளைக்கு வைக்கலாம், யாரும் பட்டம் கேட்க மாட்டாங்க.

இப்போ பாஸ்போர்ட், விசா ஃபார்ம் எல்லாம் ‘லாஸ்ட் நேம்’ கேட்குது. அப்பா பெயரைப் போடுறோம். உதயநிதி ஸ்டாலின்ங்கிறதைப் பார்த்தா வெளிநாட்டுக்காரங்க அதைக் குடும்பப் பெயர்னுதான் நினைப்பாங்க. உண்மையில அது அப்பா பெயர், அவ்வளவுதான். பொதுவா ஒரு தலைமுறையோட இறங்கிடும்.

பெயர்ல வரலாறு இல்லைன்னு சொல்லலை. 1937, 38 ரெண்டே வருஷத்துல ஸ்டாலின் ஆட்சி ஆறரை லட்சம் பேருக்கு மேல சுட்டுக் கொன்னுச்சு. அதைப் படிக்கணும். ஆனா அந்தக் கணக்கை, தொட்டில்ல இருந்தப்போ பெயர் வாங்கின ஆள்கிட்ட கேட்கிறது நியாயம் இல்லை.

சாஃப்ட்வேர் எழுதுற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஃபார்ம் பண்ணும்போது ‘லாஸ்ட் நேம்’ பக்கத்துல இருக்கிற அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துடுங்க. ‘முழுப் பெயர்’னு ஒரே கட்டம் போதும். அந்த இடத்தை நம்மாளுங்க போராடித்தான் காலி பண்ணினாங்க.