விரத நாளில் நம் தட்டு



தைப்பூசத்திற்குப் பத்துமலையில் காவடி எடுப்போர் பலர் 48 நாள் மச்சம் தொடமாட்டார்கள். புரட்டாசி பிறந்தால் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமைதோறும் கூட்டம் அலைமோதும். பக்தியைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்நாட்களில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

"புரட்டாசியில் பருவம் மாறும், இறைச்சி செரிக்காது" என்பார்கள். அது தமிழ்நாட்டுப் பருவத்தை வைத்துச் சொன்னது. நம் கிள்ளானில் பன்னிரண்டு மாதமும் அதே வெயில், அதே மழைதானே! உண்மைக் காரணம் வேறு. இறைச்சியில் நார்ச்சத்து துளியும் கிடையாது. பருப்பிலும் கீரையிலும் காய்கறியிலும் உண்டு. அந்த நார்தான் மலச்சிக்கலைத் தடுக்கிறது. சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை சட்டென ஏறாமல் காக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, சோசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் குடல் புற்று அபாயம் 18 விழுக்காடு கூடுமாம். பசியாறலுக்குச் சோசேஜ் பொரித்துத் தரும் தாய்மார்களே, கொஞ்சம் கவனியுங்கள்.

ஆனால் நாம் செய்வது என்ன? கோழியை நிறுத்திவிட்டு, வடையும் அப்பளமும் பாயசமுமாக ஒரு பிடி பிடிக்கிறோம்! மலைபோல வெள்ளைச் சோறு, மூன்று கரண்டி சீனி போட்ட தே. மச்சம் இல்லையே தவிர, சீனிக்கும் எண்ணெய்க்கும் குறைச்சலே இல்லை. 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருக்கும் நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தப்பு. வழக்கம்போல் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதும் தப்பு. சர்க்கரை இறங்கி அந்த 272 படியில் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? விரதம் தொடங்குமுன்பே கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டோடு சேர்ந்து பிள்ளைகளும் விரதம் இருப்பதுண்டு. வளரும் பிள்ளைக்கு வெறும் சாம்பார் சோறு போதாது. பருப்பு, தெம்பே, கச்சான், பால், தயிர் எல்லாம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. கீரையோடு எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சோறு தின்ற கையோடு தே குடித்தால் சேராது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். அதிலும் சீனியை ஒரு கரண்டியாக்கிக்கொள்ளுங்கள்.