ஐதரசனைத் தின்னும் மண்

வளிமண்டலத்தில் ஐதரசன் வாயு சொற்பம்தான்: பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ அரைப் பங்கு. அதில் பாதிக்கு மேல் மீதேனும் தாவர ஆவிகளும் வெயிலில் சிதைந்து காற்றிலேயே உருவாவது. மிச்சத்துக்கு வாகனப் புகையும் தீயும் முக்கிய காரணம். வரட்சியில் ஹாலிஎலப் பக்கத்து மானாப்புல் சரிவுகள் எரிவதும் இந்தக் கணக்கில் சேரும். தேயிலைக்கு நிழல் தரும் முள்முருக்கின் வேர்முடிச்சில் நைதரசன் பிடிபடும்போதும் ஐதரசன் பிறக்கிறது. அங்கிருந்து கசிவதைப் பெரும்பாலும் பக்கத்து மண்ணின் பற்றீரியாக்களே தின்றுவிடுகின்றன.

உலகில் நீங்கும் ஐதரசனில் முக்கால்வாசி மண்ணுக்குள்தான் போகிறது. எஞ்சியதைக் காற்றிலுள்ள ஐதரொட்சில் மூலிகம் அழிக்கிறது. மண்ணின் பங்கை அறிய, தரையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே வாயு குறையும் வேகத்தை அளப்பார்கள். மதிப்பீடு அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். அடைமழையில் ஊறிய மண்ணுக்குள் வாயு நுழையாது. காய்ந்த மண்ணில் பற்றீரியா முடங்கிவிடும். ஆகவே ஒரே சரிவை ஆடியிலும் ஐப்பசியிலும் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கிறது.