பட்டினி கிடந்தால் மயிர் உதிர்வதேன்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் தலைமயிர் உதிர்வதைப் பற்றியது. இதைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறீர்கள். சாஸ்திரத்தைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் மயிரைப் பற்றிப் பேசுவதா என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பதும் நம் காதில் விழுகிறது. ஐயா, ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தலைமயிர் கொத்துக் கொத்தாய் வர ஆரம்பித்துவிட்டால், அந்த வீட்டு வாசற்படியை எத்தனை ஜோசியன், எத்தனை மந்திரிப்பவன், எத்தனை எண்ணெய் வியாபாரி மிதிக்கிறான் என்பதைக் கணக்கெடுத்துப் பாருங்கள். பிறகு இது மேடைக்குரிய விஷயமா அல்லவா என்பதைத் தாங்களே சொல்லலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊர்ப்பேர் வேண்டாம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயது 23. வரன் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, "பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தவர்களின் வயிற்றை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை என்பது வேறு சங்கதி. அன்றிலிருந்து அந்தப் பெண் 'டயட்' இருக்க ஆரம்பித்தாள். காலையில் வெந்நீரும் எலுமிச்சம்பழமும், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், ராத்திரி டீயும் இரண்டு பிஸ்கட்டும். இரண்டு மாதத்தில் 11 கிலோ குறைந்தது. வீட்டார் பூரித்துப் போனார்கள். நிச்சயதார்த்தமும் ஆயிற்று.

நாலாவது மாதம் சீப்பு நிறைய மயிர் வந்தது. தலையணையில் மயிர், குளிக்கும் அறையில் மயிர், சோற்றில் மயிர். அத்தை "கண் பட்டுவிட்டது" என்றாள். ஜோசியர் சனியைக் காட்டினார். பக்கத்து வீட்டு அக்காள் போர்த் தண்ணீர்தான் காரணம் என்றாள். தாயார் முடி காணிக்கைக்கு வேண்டிக்கொண்டாள். அண்ணன் படித்தவன், ஆதலால் அவன் 900 ரூபாய்க்கு ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி வந்தான். இத்தனை பேரில் ஒருவராவது "அம்மா, நீ என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்கவில்லை. கடைசியில் ஒரு நாள் அவள் பஸ்ஸில் மயங்கி விழுந்து, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான், உடம்பில் ரத்தம் பாதிக்குப் பாதியாய் நிற்பது தெரிந்தது. மாதவிலக்கில் அதிகமாய்ப் போவதை ஒரு வருஷமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதன்மேல் பட்டினியும் சேர்ந்துகொண்டது. மயிர் உதிர்ந்தது ஒரு நோட்டீஸ். அதைப் படிக்கத் தெரியாமல், அதன்மேல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

நிற்க. மயிர் என்பது என்ன? தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. நூற்றுக்கு 85 முதல் 90 வரை வளர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மயிரும் 2 முதல் 6 வருஷம் வரை வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கி, ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா இருக்கும். அந்த ஓய்வு முடிந்ததும் விழுந்துவிடும். அதே குழியிலிருந்து புது மயிர் கிளம்பும். ஆகவே நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்வது யாருக்கும் உள்ள வழக்கமே. அதற்கு ஒருவரும் அழ வேண்டியதில்லை.

இனி, பட்டினிக்கு வருவோம். ஒரு குடும்பத்தில் வருமானம் திடீரென்று பாதியாகிவிட்டால் வீட்டுக்காரர் எதை முதலில் நிறுத்துவார்? அரிசி வாங்குவதையா? சுவருக்கு வெள்ளையடிப்பதையல்லவா? உடம்பும் அப்படியே செய்கிறது. இருதயம் நின்றால் ஆள் போய்விடுவான். மயிர் நின்றால் ஒன்றும் முழுகிப் போவதில்லை. மயிரோ புரதத்தால் ஆனது. அதன் வேரில் உள்ள அணுக்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுகிறவைகளில் சேர்ந்தவை. அவைகளுக்குத் தீனி அதிகம் வேண்டும். தீனி குறைந்ததும் ஏராளமான மயிர்கள் வளர்வதை விட்டுவிட்டு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. மூன்று மாதம் கழித்து எல்லாம் ஒன்றாக விழுகின்றன. இதற்கு அமெரிக்க வைத்தியர் ஆல்பர்ட் கிளிக்மன் என்பவர் 1961 இல் 'டெலோஜென் எஃப்லுவியம்' என்று பெயர் வைத்தார். ஓய்விலிருக்கும் மயிர் ஒட்டுமொத்தமாக உதிர்தல் என்பதே அதன் பொருள்.

இது ஊகமல்ல. 1944, 45 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்செல் கீஸ் என்பவர், யுத்தத்துக்குப் போக மறுத்த 36 வாலிபர்களை, அவர்கள் சம்மதத்தின்மேல், 24 வாரம் அரைப்பட்டினி வைத்துப் பார்த்தார். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி ஆகாரம். அவர்கள் எடையில் கால்பாகம் குறைந்தது. உடம்பு குளிர்ந்தது, கால் வீங்கியது, மனம் சோர்ந்தது, மயிரும் கொட்டியது. திடகாத்திரமான அந்த வாலிபர்களுக்கு அப்படியானால், வெள்ளரிக்காய் ஒன்றில் நாளை ஓட்டுகிற நம் பெண்ணுக்கு என்ன ஆகும்? பிறகு 1976 இல் அதே தேசத்தில் இரண்டு வைத்தியர்கள், கடும் டயட்டில் எடையை இறக்கிய ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். டயட் ஆரம்பித்த 2 முதல் 5 மாதத்துக்குள் ஒன்பது பேருக்கும் மயிர் கொட்டியது. சில மாதங்களில் திரும்ப முளைத்தும் விட்டது.

தோழர்களே! இந்த மூன்று மாதக் கணக்கைத்தான் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில்தான் எல்லாப் பித்தலாட்டமும் ஒளிந்திருக்கிறது. காரணம் தை மாதத்தில் நடக்கிறது; பலன் சித்திரையில் தெரிகிறது. இடையில் மூன்று மாதம் போய்விடுவதால் தையில் நடந்ததை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சித்திரையில் எது கண்ணில் படுகிறதோ அதன் தலையில் பழியைப் போடுகிறார்கள். சித்திரையில் வீடு மாறியிருந்தால் தண்ணீர். சோப்பு மாற்றியிருந்தால் சோப்பு. பெயர்ச்சி நடந்திருந்தால் கிரகம். ஒன்றுமே இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறாள், கண் வைத்த பக்கத்து வீட்டுக்காரி.

அதுபோலவே முடிவிலும் நடக்கிறது. காரணம் நீங்கிவிட்டால் இவ்வித உதிர்தல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். ஆனால் எந்த மனிதனாவது ஆறு மாதம் சும்மா இருப்பானா? முதல் மாதம் ஒரு எண்ணெய், பலனில்லை. இரண்டாம் மாதம் தாயத்து, பலனில்லை. மூன்றாம் மாதம் வெங்காயச்சாறு, பலனில்லை. ஐந்தாம் மாதம் திருப்பதிக்கோ பழனிக்கோ போய் வருகிறான்; உதிர்வது நிற்கிறது. உடனே ஊரெல்லாம் அந்தச் சாமியின் பெருமை. அந்த மாதம் எண்ணெய் பாட்டிலின் முறையாக இருந்திருந்தால் எண்ணெய்க்காரனுக்குப் பெருமை. அந்தப் பெருமையை வைத்து அவன் இன்னும் பத்தாயிரம் பாட்டில் விற்றிருப்பான். கடைசியாக எவன் வந்தானோ அவனுக்கு மாலை விழுகிறது. 2020, 21 ஆம் ஆண்டுகளில் கொரோனாக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களில் பலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படியே கொட்டியதும், பிறகு வளர்ந்ததும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் மாதம் கொட்டுவதும் இதே கணக்குத்தான். "குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு மயிர் கொட்டும்" என்று கிழவிகள் சொல்வார்கள். பாவம், குழந்தை சிரிக்க ஆரம்பிப்பதும் அதே சமயத்தில்தான்!

மயிர்ச் சரக்கு விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. தீர்ப்பதாகச் சொல்லி மருந்து விற்கக்கூடாத வியாதிகளின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் ஒன்று. அப்படியிருக்க, முன்னும் பின்னும் இரண்டு தலைகளைப் படம் போட்டு விற்கிறார்களே, எந்தத் தைரியத்தில் என்றால், உங்கள் கவலை என்ற தைரியத்தில்தான். கோவிலை விட்டுவிட்டு மாத்திரைக் கடையைக் கும்பிடுவதும் பகுத்தறிவாகாது. 'பயோட்டின்' என்று ஒரு மாத்திரையை மயிருக்கென்று பலர் விழுங்குகிறார்கள். அந்தச் சத்துக் குறைவு சாதாரணமாக ஒருவருக்கும் வருவதில்லை. அதை அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையில் தைராய்டுக் கணக்கும், மாரடைப்பைக் காட்டும் கணக்கும் தப்பாக வரலாம் என்று அமெரிக்க மருந்து இலாகா 2017 இல் எச்சரித்திருக்கிறது. 'ஏ' வைட்டமினும் செலினியமும் மிஞ்சினால் அவைகளே மயிரைக் கொட்டச் செய்யும். இனாமாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லவேண்டிய சரக்கு இது.

அப்படியானால் மயிர் கொட்டுவதெல்லாம் டயட்டினால்தானா? அல்ல. தைராய்டுக் கோளாறு இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். சில மருந்துகளால் இருக்கலாம். பரம்பரையாக வரும் வழுக்கையாகவும் இருக்கலாம். காசளவு வட்டமாய்ச் சொட்டையாவதைப் புழுவெட்டு என்கிறார்கள். அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் காவற்படையே மயிர்வேரை எதிரி என்று எண்ணித் தாக்குவது அது. தோல் சிவந்து சீழ் கட்டினாலும், தழும்பு விழுந்தாலும், தாமதிக்கக் கூடாது. அந்த வேர் செத்துவிட்டால் திரும்ப முளைக்காது. இவைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஜில்லா ஆஸ்பத்திரியிலும் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் தோல் வைத்தியப் பிரிவு இருக்கிறது. "மயிருக்காக டாக்டரிடம் போவதா, சிரிப்பார்களே" என்று வெட்கப்படுகிறவர்கள், ஒரு மயிரைப் பார்த்துக் குறி சொல்கிறவனிடம் வெட்கமில்லாமல் போகிறார்கள்.

போகும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பெண்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் தாயாரோ மாமியாரோ பதில் சொல்வது வழக்கமாயிருக்கிறது. "நல்லாத்தான் சாப்பிடுறா டாக்டர்" என்று அவர்கள் சொல்வார்கள். இவள் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். தாய்மார்களே, தயவுசெய்து வெளியே உட்காருங்கள். எந்த மாதம் கொட்ட ஆரம்பித்தது, அதற்கு மூன்று நாலு மாதம் முன்னால் என்ன நடந்தது, எத்தனை கிலோ எத்தனை வாரத்தில் குறைந்தது, மாதவிலக்கு எப்படி, என்னென்ன மாத்திரை, எடை குறைக்கும் ஊசி ஏதேனும் போட்டதுண்டா, இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. அவர் ஒரு கொத்து மயிரை விரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பார். ரத்தத்தின் அளவு, ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு, தைராய்டு ஆகியவைகளைப் பரிசோதிக்கச் சொல்லலாம். சொல்லாவிட்டால், தேவையா என்று கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. வேறு வியாதிக்கு டாக்டர் கொடுத்த மருந்தை மயிர் கொட்டுகிறதே என்று தானாக நிறுத்திவிடுவது மாத்திரம் கூடாது. இரும்பு மாத்திரையையும் கடையில் தானாக வாங்கி விழுங்கவேண்டாம்.

எடை குறைப்பதே தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கும் மூட்டு நோய்க்காரருக்கும் குறைத்தால்தான் நல்லது. வாரம் அரைக்கிலோ அளவில் மெல்லக் குறையட்டும். சோற்றைக் குறைக்கும்போது பருப்பையும் சேர்த்துக் குறைக்கிறார்கள். அங்கேதான் மோசம் வருகிறது. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை தின்னாதவர்களுக்குச் சுண்டல், வேர்க்கடலை, பாசிப்பயறு, மோர் இருக்கின்றன. முருங்கைக்கீரையோடு கொஞ்சம் எலுமிச்சை சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீயோ காப்பியோ குடித்தால் ஏறாது. எண்ணெய் தடவிக்கொள்ள ஆசையிருந்தால் தடவிக்கொள்ளுங்கள். தலை பளபளக்கும், வேருக்குச் சோறு போகாது.

பெண்ணின் கூந்தலைப் பற்றி நம் புலவர்கள் கொட்டியிருக்கிற மை கொஞ்சமல்ல. பாண்டியன் தன் ராணியின் கூந்தலுக்கு இயற்கையில் மணமுண்டா என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஆயிரம் பொன் கட்டினானாம். அதற்குச் சிவபெருமானே வந்து வாதாடினாராம். அந்த ராணி மத்தியானம் சாப்பிட்டாளா என்று சங்கத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. "மொட்டையடித்தால் மயிர் அடர்த்தியாய் வளரும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். 1928 இல் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க அம்மையார், மழித்த மயிரை அளந்து பார்த்தே பதில் சொல்லிவிட்டார். மழிப்பதால் கனமும் கூடுவதில்லை, வேகமும் கூடுவதில்லை. கத்தி படுவது செத்த மயிரின்மேல். வேர் இருப்பது தோலுக்கு அடியில். வெட்டிய முனை மொட்டையாய் இருப்பதால் தடவிப் பார்த்தால் முரடாய்த் தோன்றுகிறது, அவ்வளவுதான். சீட்டு எழுதிய தோழர் சந்தேகப்பட்டால் தாமே மழித்துக்கொண்டு அளவுகோல் வைத்து அளக்கலாம். மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரும். மழிக்காத தலையிலும் அதே ஒரு சென்டிமீட்டர்தான் வரும்.