புரோட்டான் எங்கே நிற்கும்?

அணுத்துகள் ஆராய்ச்சிக்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு.

ஒரு குழந்தையின் மூளையில் கட்டி. பக்கத்திலேயே பார்வை நரம்பு. கட்டி அழிய வேண்டும். கண் பிழைக்க வேண்டும். எக்ஸ்ரே கதிர் தலையைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். புரோட்டானோ வழியில் கொஞ்சமாகவும், நிற்கும் இடத்தில் மிகுதியாகவும் ஆற்றலை இறக்கிவிட்டு அங்கேயே அடங்கிவிடும். இதை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ராபர்ட் வில்சன். 2023 முதல் சிங்கப்பூரிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

ஆனால் அது எங்கே நிற்கும்? தண்ணீரில் என்றால் எளிது. 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் சுமார் 16 சென்டிமீட்டர் போகும். நம் தலை தண்ணீர்த் தொட்டி அல்லவே! எலும்பும் காற்றறையும் குறுக்கிடுகின்றன. சிடி படத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகையில், 100க்கு 3 பங்குக்கு மேல் பிழை இருக்கலாம் என்று கருதிப் பல மையங்கள் இடம் விட்டுத் திட்டமிடுகின்றன. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 3 மில்லிமீட்டரைத் தாண்டும். பார்வை நரம்பின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவுதான்.

இங்கேதான் மோண்டே கார்லோ முறை கைகொடுக்கிறது. 1946இல் நோயிலிருந்து தேறிவந்த கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். வெற்றி வாய்ப்பைச் சூத்திரம் போட்டுத் தேடுவதைவிடப் பலமுறை ஆடி எண்ணிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நமக்குக் கெந்திங் மலை போல, ஐரோப்பாவின் சூதாட்ட ஊர் ஒன்றின் பெயரே அந்த முறைக்கு வாய்த்தது.

செர்ன் ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்டு உருவாகி 1998இல் வெளிவந்த ஜியாண்ட்4 மென்பொருள் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு புரோட்டானும் எவ்வளவு தூரம் போகும், எந்த அணுவில் மோதும், எப்பக்கம் விலகும் என்று அடிக்கு அடி பகடை உருட்டுகிறது. கோடிக்கணக்கான புரோட்டான்களுக்கு இப்படி! பகடையால் வரும் பிழையைப் பாதியாக்க 4 மடங்கு புரோட்டான்கள் வேண்டும். பத்தில் ஒன்றாக்க 100 மடங்கு. கணினி திணறுவதில் வியப்பென்ன?

இன்னும் நுட்பமான கேள்வி உயிரணுவுக்குள் இருக்கிறது. டிஎன்ஏ இழையின் அகலம் 2 நானோமீட்டர். ஓர் இழை அறுந்தால் உயிரணு பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். இரண்டும் அருகருகே அறுந்தால் கடினம். விண்வெளி வீரர்களின் கதிர்வீச்சு அபாயத்தை அறிய ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தொடங்கிய ஜியாண்ட்4-டிஎன்ஏ, ஒரு எலக்ட்ரானின் போக்கை அந்த அளவுக்குப் பின்தொடர்கிறது.

இது குழந்தையின் கண்ணுக்கு ஏன் முக்கியம்? எக்ஸ்ரேயைப்போல் 1.1 மடங்கு உயிரியல் விளைவு புரோட்டானுக்கு உண்டு என்று வைத்துத்தான் மருத்துவமனைகள் கணக்கிடுகின்றன. ஆனால் புரோட்டான் நிற்கப்போகும் கடைசி மில்லிமீட்டர்களில் விளைவு அதைவிடக் கூடுதல் என்று உயிரணுச் சோதனைகள் காட்டுகின்றன. பார்வை நரம்பு அங்கே அகப்பட்டுக்கொண்டால்? அதனால்தான் அந்தக் கடைசிப் பகுதி நரம்பில் விழாதபடி கதிரின் திசையை மாற்றிப் பார்க்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திரையில் தோன்றும் வண்ணப் படம் யாரையும் மயக்கும். எலும்பின் அடர்த்தியைத் தவறாகக் கொடுத்தால், தவறான விடையையும் அதே அழகோடு வரைந்து தரும். ஆகவே தண்ணீர்த் தொட்டியில் கருவியை இறக்கி அளந்து ஒப்பிடாத கணக்கை நான் நம்புவதில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களே, இந்த மென்பொருள் இலவசம். பதிவிறக்கி, ஒரு தண்ணீர்ப் பெட்டிக்குள் 1,000 புரோட்டான்களைச் செலுத்திப் பாருங்கள். ஒரே ஆற்றலோடு புறப்பட்டாலும் எல்லாம் ஒரே ஆழத்தில் நிற்கமாட்டா. ஏன் என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.