பூட்டிய கடையும் திறந்த கடையும்



பூட்டிய கட்டிடம் என்ன ஆகும் என்று ஸ்கெலட்டன் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த வேலை நின்றது. கம்பெனிக் கட்டிடங்கள் பலவற்றில் பூட்டுத் தொங்கியது.

ஆள் புழங்காத கட்டிடத்தில் முதலில் ஓடு நகரும். மழைநீர் உள்ளே இறங்கும். மரம் உளுத்துப் போகும். ஒருநாள் ஜன்னல் காணாமல் போகும். அதன் பிறகு பார்ப்பவர்கள், “இது பழசு, இடித்துவிடலாம்” என்பார்கள்.

கடைக் கட்டிடங்களுக்கும் இதே கதிதான். ராபர்ட்சன்பேட்டை கடைவீதி சுரங்கத்துச் சம்பளத்தை நம்பி வளர்ந்தது. இப்படிப்பட்ட பழைய கடைவீதிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஊர் பெருகும்போது நிலத்தின் விலை ஏறுகிறது. பழைய கடையை இடித்து, ஐந்து மாடி கட்டினால் அதிக வாடகை வரும். இடிப்பதா, வைத்துக்கொள்வதா? இந்தக் கேள்வி சென்னையில் உயர் நீதிமன்றம் வரை போனது.

சென்னையில் அண்ணா சாலை இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு மவுண்ட் ரோடு என்று பெயர். அங்கே ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக ஒரு பெரிய கட்டிடம் எழுந்தது. ஆண்டு 1897. சிவப்புச் செங்கல் சுவர், வளைவுகள், கோபுரங்கள். மருந்து வாங்க வந்தவர்கள் அரண்மனைக்குள் நுழைவதுபோல் நுழைந்திருப்பார்கள். 1934இல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாங்கியது. அன்று முதல் அது பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம் ஆயிற்று. 1956இல் அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலை ஏற்றது. கட்டிடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது.

காலம் போனது. கட்டிடம் பலவீனமாகிவிட்டது, மக்களுக்கு ஆபத்து என்று எல்.ஐ.சி. கூறியது. 2006இல் இடிக்கும் வேலை தொடங்கியது. ‘இன்டாக்’ என்ற அமைப்பு நீதிமன்றத்துக்கு ஓடியது. பழைய கட்டிடங்களையும் கலைப் பொருள்களையும் காப்பதே அந்த அமைப்பின் வேலை. நீதிமன்றம் தடை போட்டது. ஆனால் அதற்குள் ஒரு பகுதி சேதமாகிவிட்டது.

வழக்கு நான்கு ஆண்டுகள் நடந்தது. 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இடிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். சென்னையில் உள்ள மற்றப் பழம்பெரும் கட்டிடங்களைக் காக்க ஒரு குழு அமைக்கவும் சொன்னது. 2012இல் தமிழ்நாடு அரசு இதற்கென்று ஒரு சட்டமும் கொண்டுவந்தது.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. தடை உத்தரவு கடப்பாரையைத்தான் நிறுத்தும். மழையை நிறுத்தாது. தீர்ப்பு வந்த பிறகும் அந்தக் கட்டிடம் ஆண்டுக்கணக்கில் பழுதுபார்க்காமல் நின்றது. சுவரில் செடி முளைத்தது. வழக்கில் வென்ற கட்டிடம் வெயிலிலும் மழையிலும் தோற்றுக்கொண்டிருந்தது.

அதே சாலையில் இன்னொரு கடை இருக்கிறது. அதன் பெயர் ஹிக்கின்பாதம்ஸ். புத்தகக் கடை. 1844இல் தொடங்கியது. இப்போதுள்ள வெள்ளைக் கட்டிடம் 1904இல் வந்தது. உயரமான கூரை, அகலமான வாசல். இன்றும் அங்கே புத்தகம் விற்கிறார்கள். கடை நடப்பதால் தினமும் ஒருவர் கதவைத் திறக்கிறார். கூரை ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும். புத்தகம் நனையுமே! அந்தப் பயத்திலாவது ஒழுகலை அடைக்க வேண்டும்.

அங்கேயே ஸ்பென்சர் என்ற பெரிய கடையும் இருந்தது. 1983இல் அது தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்தில் இன்று ஸ்பென்சர் பிளாசா என்ற வணிக வளாகம் நிற்கிறது. பழைய கடையில் மிஞ்சியது பெயர் மட்டுமே.

பழுதுபார்ப்பதிலும் விவரம் வேண்டும். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. சுண்ணாம்புச் சுவருக்குள் ஈரம் போனாலும் மெல்ல வெளியே வந்துவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். செங்கல் உப்பு பூத்து உதிரும். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். சுண்ணாம்பைப் பதமாக ஊறவைத்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டால் இளைஞர்களுக்கு நல்ல பிழைப்பு.

கட்டிடத்துக்கு உரியவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வாடகை சொற்பம். பழுதுபார்க்கும் செலவு அதிகம். “ஊருக்குப் பெருமை, எனக்கு நட்டமா?” என்று அவர் கேட்பார். அவரைத் திட்டிப் பயன் இல்லை. பம்பாயில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1995இல் அங்கே பழைய கட்டிடங்களுக்குத் தனி விதிகள் வந்தன. விதியால் மேலே மாடி கட்ட முடியாமல் போன உரிமையாளருக்கு ஓர் உரிமைச் சான்று தரலாம். அதை அவர் வேறு ஒருவருக்கு விற்கலாம். வாங்கியவர் நகரில் வேறு இடத்தில் அந்த அளவு கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். பழைய கட்டிடமும் நிற்கும். உரியவர் கையில் பணமும் வரும்.

உண்மையிலேயே பழுதுபார்க்க முடியாத கட்டிடமும் உண்டு. விழும் நிலையில் உள்ள சுவரின் கீழே மனிதர்கள் நிற்கக் கூடாது. ஆனால் முடியுமா, முடியாதா என்பதைச் சுண்ணாம்புக் கட்டிடம் அறிந்த பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். நிலத்தை விற்க நினைப்பவர் மட்டும் சொன்னால் போதாது.

ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும்போது பழைய கடைகளின் மாடிச் சுவரை அண்ணாந்து பாருங்கள். காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று எங்காவது முளைத்திருக்கும். இரண்டு இலை விட்ட கன்றைக் கையால் பிடுங்கிவிடலாம். சில ஆண்டுகள் விட்டுவிட்டால் வேர் செங்கல்லைப் பிளந்துவிடும். அப்போது சாரம் கட்டி, சுவரைப் பிரித்துத்தான் வேரை எடுக்க வேண்டும்.