முன்னால் குனிந்தால் பின்னாலும் வளைய வேண்டும்



நெய்யாற்றின்கரையிலிருந்து மலைப்பக்கம் போனால் கள்ளிக்காடு. அங்கே நெய்யாறு அணைக்கட்டின் கரையில் சிவானந்த ஆசிரமம் இருக்கிறது. 1978இல் அதைத் தொடங்கியவர் சுவாமி விஷ்ணுதேவானந்தா. அவருடைய குரு சிவானந்தர், நம் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைக்காரர். மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போனவர். மடித்துச் சுருட்டும் கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர்க்காரர், உடம்பை மடிக்கச் சொல்லித்தந்தது பொருத்தந்தான்!

இந்த மரபில் பன்னிரண்டு ஆசனங்கள் உண்டு. அவற்றின் வரிசையைக் கவனியுங்கள். சர்வாங்காசனத்திலும் ஹலாசனத்திலும் கழுத்து முன்பக்கம் மடங்குகிறது. உடனே மத்ஸ்யாசனம், மார்பு நிமிர்ந்து, கழுத்து பின்னால் சாய்கிறது. பச்சிமோத்தாசனத்தில் குனிந்த முதுகை, புஜங்காசனமும் சலபாசனமும் தனுராசனமும் எதிர்ப்பக்கம் வளைக்கின்றன. அதன்பிறகுதான் முதுகுத்தண்டை முறுக்குவது. நடுநடுவே சவாசனம், சும்மா கிடப்பது.

அவசரம் கூடாது. வெடுக்கென்று இழுத்தால் தசை இறுகிக்கொள்ளும். தசைக்குள் இருக்கும் உணர்நரம்புகள், அறுந்துவிடப் போகிறதே என்று அதைச் சுருங்கவைக்கும். மெதுவாகப் போய், நாலு மூச்சு அப்படியே நின்றால் பிடி தளரும். புது வேலையோ புது மருமகளோ வந்த வீட்டில் மனசுக்கும் இதே கதைதான்.

எதற்கும் தலையாட்டுகிற ஆளை "நல்லா வளைஞ்சு கொடுப்பார்" என்று புகழ்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பக்கம் குனிந்துகொண்டே இருந்தால் கூன்தான் விழும். தமிழ்நாடு-கேரள எல்லையில் பாறசாலைப் பக்கத்துக் கடைக்காரரைப் பாருங்கள். உங்களிடம் தமிழில் விலை சொல்லி, அடுத்தவரிடம் மலையாளத்தில் பேரம் பேசுவார். 1956இல் மாநில எல்லை வகுத்து, விளவங்கோடு தமிழ்ப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமுமாகப் பிரிந்தபோதும் இந்தப் பேச்சு நிற்கவில்லை. இரண்டு பக்கமும் போய்வருகிற நாக்கு அது.

விஷ்ணுதேவானந்தாவும் அப்படித்தான். 1957இல் மேல்நாடு போனார். அங்கிருந்தவர்கள் தரையில் உட்கார்ந்தே பழகாதவர்கள், எப்போதும் நேரமில்லாதவர்கள். அவர்களுக்காக யோகத்தை ஐந்து விஷயமாகச் சுருக்கினார்: உடற்பயிற்சி, மூச்சு, ஓய்வு, உணவு, நல்லெண்ணத்தோடு தியானம். விடுமுறைக்கு வந்து கற்றுப்போகும் முகாம்களும் வைத்தார். யோகத்தை நீர்க்கச் செய்துவிட்டார் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஆசனங்களின் வரிசையை அவர் கைவிடவில்லை.

அந்த மனிதரே 1983இல் ஒரு சின்னஞ்சிறு விமானத்தில் பெர்லின் சுவருக்கு மேலே பறந்து, அனுமதியில்லாமல் கிழக்கு ஜெர்மனியில் இறங்கினார். சமாதானத்துக்காகப் பறந்தேன் என்றார். அதிகாரிகள் விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பாடம் நடத்துவதில் அவ்வளவு இறங்கிவந்தவர், இந்தச் சுவர் விஷயத்தில் யாரிடமும் அனுமதி கேட்பதாக இல்லை.