மனோதத்துவ மாணவரும் ஆராய்ச்சியும்

(புதுச்சேரியில் மாணவர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



மனோதத்துவம், அதாவது உளவியல் படிக்கும் மாணவர்கள் கடைசி வருஷத்தில் எழுதவேண்டிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மாணவர் அல்லாதாரும் இங்கு ஏராளமாக வந்திருப்பதால் எல்லோருக்கும் விளங்கும்படியே பேசுகிறேன்.

நம் நாட்டில் பட்டப் படிப்பு என்பது பெரும்பாலும் என்னவாக இருக்கிறது? புத்தகத்தில் இருப்பதை நெட்டுருப் போட்டுப் பரீட்சைத் தாளில் இறக்கிவைப்பதுதானே? இந்த ஆராய்ச்சி ஒன்றில்தான் மாணவர் தாமே ஒரு கேள்வியைப் போட்டு, தாமே விடை தேடவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்கு வருஷப் படிப்புத் திட்டத்தில், ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் பட்டத்துக்கு வருகிறவர் முதல் 6 பருவங்களில் 75 சதவீதம் வாங்கியிருக்கவேண்டும் என்றும், ஆராய்ச்சிக்கு 12 கிரெடிட் என்றும் வகுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இடம் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் சிலர் செய்வது என்ன? பழைய கட்டுரைக்குப் புது அட்டை போடுகிறார்கள். விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு, நூறு பேர் பதில் சொன்னதாகத் தாங்களே கோடு போட்டு நிரப்புகிறார்கள். "இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றும் கேட்கிறார்கள். நஷ்டம் யாருக்கு என்று நான் சொல்லுகிறேன். இல்லாத மனிதர் சொன்னதாக எழுதப் பழகியவர், மேலும் படித்து நாளைக்கு ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ மனநல ஆலோசகராக உட்காருவார். மனமுடைந்து வரும் ஒரு பெண்ணோ பையனோ சொல்வதை அவர் காது கொடுத்துக் கேட்பாரா, அல்லது அவர்கள் சொல்லாததைத் தாமே எழுதிக்கொள்வாரா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நிற்க, உண்மையான ஆராய்ச்சி எப்படியிருக்கும் என்பதற்கு நம் நாட்டு உதாரணமே ஒன்று உண்டு. 1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பெரிய பூகம்பம் உண்டாயிற்று. தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று காந்தியார் சொன்னார். தாகூர் அதை மறுத்தார். தீண்டாமை ஒழியவேண்டியதுதான்; அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் நல்ல காரியத்துக்குச் சொல்லப்பட்டது என்பதற்காக ஒரு பொய்க் காரணம் மெய்யாகிவிடுமா?

ஜமுனா பிரசாத் என்ற மனோதத்துவ அறிஞர் வேறொரு வேலை செய்தார். பூகம்பத்துக்குப் பின் ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வதந்திகளைச் சேகரித்தார். கங்கைத் தண்ணீர் மறைந்துவிட்டது, சந்திர கிரகணத்தன்று மறுபடியும் பூமி அதிரும் என்றெல்லாம் பேச்சு. அதை 1935-ல் பிரிட்டிஷ் மனோதத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அமெரிக்க அறிஞர் பெஸ்டிங்கர் 1957-ல் எழுதிய தம் பெயர்பெற்ற புத்தகத்தில் இதை எடுத்துக்கொண்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் அடையாத ஊர்களில், இனிமேல்தான் பெரிய ஆபத்து என்ற வதந்தி பரவுவானேன்? வதந்தி பயத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே உண்டான பயம் தனக்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டது என்பது அவர் கொடுத்த விளக்கம்.

தோழர்களே! இந்தக் கேள்வியைப் புதுச்சேரியிலேயே கேட்கலாமே! 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீட்டுக்குள் வெள்ளம் வந்தவர்கள் 30 பேர், வராதவர்கள் 30 பேர். என்னென்ன வதந்தி கேட்டார்கள், எதை நம்பினார்கள், எதைப் பிறருக்குச் சொன்னார்கள் என்று விசாரித்தால் அதுவே ஒரு கட்டுரை. கற்பனையான அறுநூறு பேரைவிட மெய்யான அறுபது பேர் மேல்.

ஆனால் அதற்கு முறை உண்டு. எதை வதந்தி என்று கணக்கில் எடுப்பது என்பதையும், விடை எப்படியிருக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதையும் விசாரணைக்கு முன்பே எழுதி வைத்துவிடவேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே வரிசையில் கேட்கவேண்டும். அமெரிக்காவில் செய்த கேள்வித்தாளை அப்படியே நீட்டக்கூடாது. ஒருவர் தமிழில் பெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, பொருள் மாறாமலிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அன்றியும், வெள்ளம் வந்த தெருவுக்கும் வராத தெருவுக்கும் பணத்திலும் படிப்பிலும் வித்தியாசம் இருக்கலாம். ஆகவே வெள்ளந்தான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. நாளான ஞாபகம் தவறுவதும் உண்டு. அதையும் கட்டுரையில் சொல்லிவிடவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், பதில் சொல்லும் மனிதரின் மானம். அவர் நமக்குக் கடமைப்பட்டவர் அல்ல. கல்லூரியின் அறநெறிக் குழு அனுமதி கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. எதற்காகக் கேட்கிறோம் என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே கேட்கவேண்டும். பாகூரில் நாற்று நடும் பெண்ணாயிருந்தாலும் சரி, கடற்கரைச் சாலைப் பெரிய மனிதராயிருந்தாலும் சரி, "வேண்டாம், நிறுத்து" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, நன்றி சொல்லி எழுந்து வரவேண்டும். அவர் பெயரும் விலாசமும் கட்டுரையில் வரக்கூடாது.

கடைசியாக ஒன்று. எதிர்பார்த்ததற்கு மாறாக விடை வந்தால் என்ன செய்வது? படித்தவர்கள் வதந்தியை நம்பமாட்டார்கள் என்று நாம் நினைத்திருப்போம். அவர்களே அதிகம் பரப்பினார்கள் என்று கணக்கு காட்டலாம். வித்தியாசமே இல்லை என்றும் காட்டலாம். அதையும் அப்படியே எழுதவேண்டியதுதான். பிறர் நம்பிக்கையைச் சோதிக்க வருகிறவர், தம் நம்பிக்கையைச் சோதனைக்கு விடமாட்டேன் என்றால் அதற்குப் பகுத்தறிவு என்று பெயரா?

ஆகவே மாணவத் தோழர்களே! சிறிய கேள்வியாயிருந்தாலும் சொந்தக் கேள்வியாயிருக்கட்டும். கிடைத்த விடை கசப்பானாலும் மெய்யாயிருக்கட்டும். பெற்றோர்களே! பிள்ளைகள் கட்டுரை கொண்டுவந்தால், "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன், "யாரைக் கேட்டாய்? என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதிப் புரட்டை ஒழித்துவிடும்.